கை பிடித்து எழுதும் முறையும் டக்ளஸ் பிக்லனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பெற்றோர் கூட்டம் எங்கே நடந்தாலும், முடிந்தபிறகு யாராவது ஒருவர் போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டுவார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, பக்கத்தில் ஒருவர் அதன் கையையோ ஒரு பலகையையோ பிடித்திருக்க, எழுத்து எழுத்தாகத் தொட்டுக் கவிதை எழுதிக்கொண்டிருக்கும். "இதை நம் பிள்ளைக்கும் செய்து பார்க்கலாமா?" என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் போனால், இந்த முறையை உலகத்துக்குக் கொண்டுபோன டக்ளஸ் பிக்லனின் கதையைச் சொல்லாமல் முடிவதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில், இந்த முறை என்றால் என்ன? கையைப் பிடித்து எழுத வைப்பதா?

ஏறக்குறைய அதுதான். ஆங்கிலப் பெயர் ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன், சுருக்கமாக எஃப்.சி. பேச்சு வராத ஒருவர் எழுத்துப் பலகை முன்னாலோ கீபோர்டு முன்னாலோ உட்காருவார். பக்கத்தில் ஓர் உதவியாளர் அவருடைய விரலை, மணிக்கட்டை, முழங்கையை, சில நேரம் தோளை மட்டும் தாங்கிப் பிடித்திருப்பார். எழுத்தைத் தேர்வு செய்வது அந்தப் பிள்ளைதான், உதவியாளர் கை நடுங்காமல், தவறான இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான் என்பது இந்த முறையைச் சொல்லிக்கொடுப்பவர்களின் விளக்கம்.

பிக்லன் யார்? டாக்டரா?

மருத்துவர் இல்லை, கல்வியாளர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்தவர். எஃப்.சி.க்கு வருவதற்கு முன்பே அவருக்குப் பெயர் உண்டு, அதுவும் நல்ல பெயர். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை ஊருக்கு வெளியே பெரிய விடுதிகளில் அடைத்துவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் இருந்த காலம் அது. 1960-களில் பர்ட்டன் பிளாட் என்ற கல்வியாளர் அந்த விடுதிகளின் உள்ளே ஒளித்துவைத்த கேமராவோடு ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே நடந்த கொடுமைகளை வெளியே கொண்டுவந்தார். அவர் பிறகு சிரக்யூஸில் வேலை செய்தார். அந்த மரபில் வந்தவர் பிக்லன். விடுதிகளை மூடு, இந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வை என்று எழுதியும் பேசியும் போராடியும் வந்தவர்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பணத்துக்காக ஏமாற்ற வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் எதுவும் புரியாது. பிள்ளைகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை நிஜம்.

அவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவிலிருந்து. மெல்பர்னில் செயின்ட் நிக்கலஸ் என்ற மருத்துவமனை இருந்தது, கடுமையான ஊனம் உள்ள குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இடம். அங்கே வேலை செய்த ரோஸ்மேரி கிராஸ்லி, 1970-களின் பிற்பகுதியில், மூளை முடக்குவாதம் உள்ள ஆன் மெக்டொனால்ட் என்ற இளம்பெண்ணின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துகளைக் காட்ட வைத்தார். ஆன் முழு வாக்கியங்கள் எழுதுகிறாள், தன்னை இங்கிருந்து விடுவிக்கும்படி கேட்கிறாள் என்றார். 1979-ல் வழக்கு விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், ஆன் வெளியே வந்தார், கிராஸ்லியோடு வாழப் போனார். இருவர் பெயரிலும் புத்தகம் வந்தது, 1984-ல் அது திரைப்படமும் ஆனது. 1986-ல் கிராஸ்லி டீல் என்ற பெயரில் ஒரு மையம் தொடங்கி, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இதே முறையைக் கொண்டுபோனார்.

அந்த மருத்துவமனை மோசமான இடம், ஆன் அங்கே இருந்திருக்கவே கூடாது. அதற்கு அந்தப் பெண் தத்துவம் எழுதிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விடுதலையும் முறையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டதால், முறையைச் சந்தேகித்தால் விடுதலையையே சந்தேகிப்பது போல ஆகிவிட்டது. விடுதிகளை மூடப் போராடிய பிக்லன் 1980-களின் இறுதியில் மெல்பர்ன் போய் இதைப் பார்த்தபோது, அவர் மனதை இது எப்படிப் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பேராசிரியர் சொன்னால் உடனே ஊரே நம்பிவிடுமா?

நம்பியது. 1990-ல் பிக்லன் தான் மெல்பர்னில் பார்த்ததை ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவ்யூ இதழில் நீண்ட கட்டுரையாக எழுதினார். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர், மதிப்புள்ள ஆசிரியர், நெஞ்சைத் தொடும் செய்தி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அறிவில் குறை இல்லை, உடம்பு சொன்னபடி கேட்காததுதான் பிரச்சினை, உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது என்றது கட்டுரை. 1992-ல் சிரக்யூஸில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டு ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் டயான் சாயர் இதை அதிசயமாகக் காட்டினார். ஆசிரியர்களும் உதவியாளர்களும் பயிற்சிக்குக் குவிந்தார்கள், குறுகிய பயிற்சியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிப் பள்ளிகளில் தொடங்கிவிட்டார்கள்.

இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்து வருஷம் 'அம்மா' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவருக்கு, பிள்ளை "உன்னை நேசிக்கிறேன்" என்று எழுதிக் காட்டினால் யார் எழுந்து சாட்சி கேட்பார்கள்? அதைக் கேட்டிருக்க வேண்டியவர் பேராசிரியர்.

எழுதுவது பிள்ளையா, உதவியாளரா என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

மிகச் சுலபமாக. உதவியாளருக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு, அது என்ன என்று எழுதச் சொன்னால் போதும்.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி ஊரில் ஓ.டி. ஹெக் என்ற மையம் இருந்தது. அங்கே எஃப்.சி. நடந்துகொண்டிருந்தது, ஊழியர்களுக்கு அதில் முழு நம்பிக்கை. வெளியே சந்தேகப்படுகிறவர்களுக்கு நிரூபித்துக் காட்டலாம் என்றுதான் சோதனையில் இறங்கினார்கள். பேச்சு வராத 12 பேர், உதவியாளர்கள் 9 பேர். இருவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள், நடுவில் ஒரு தடுப்பு. ஒருவர் பார்க்கும் படம் மற்றவருக்குத் தெரியாது. சில முறை இருவருக்கும் ஒரே படம், சில முறை வெவ்வேறு படம், சில முறை உதவியாளருக்குப் படமே கிடையாது. மொத்தம் 180 தடவை. உதவியாளர் படத்தைப் பார்க்காதபோது, ஒரு தடவைகூடச் சரியான விடை வரவில்லை. வெவ்வேறு படம் காட்டியபோது தாளில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். இது 1993-ல் வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் பிபிஎஸ் தொலைக்காட்சியின் ஃப்ரன்ட்லைன் நிகழ்ச்சி இதை நாடு முழுக்கக் காட்டியது. முடிவைப் பார்த்த அந்த ஊழியர்கள் நொறுங்கிப்போனார்கள்.

அப்படியானால் உதவியாளர்கள் எல்லாரும் பொய்யர்களா?

இல்லை. இந்த விஷயத்தில் மிக முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கல்லூரி விடுதியில் ராத்திரி மெழுகுவர்த்தி வைத்து, எழுத்துகளுக்கு நடுவே காசின் மேல் எல்லாரும் விரல் வைத்து ஆவியைக் கூப்பிடும் விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். காசு நகரும். யாரும் தள்ளவில்லை என்று சத்தியம் செய்வார்கள், அந்தச் சத்தியம் உண்மைதான். நாம் எதிர்பார்க்கும் திசையில் நம் தசைகள் நமக்கே தெரியாமல் நகரும். ஆவி மேசையை நகர்த்துகிறது என்று இங்கிலாந்தில் பேசப்பட்டபோது, 1853-லேயே மைக்கேல் ஃபாரடே சோதித்து, நகர்த்துவது மேல் இருக்கும் கைகள்தான் என்று காட்டினார்.

மெய்ன் மாநிலத்தில் ஜேனிஸ் பாய்ன்டன் என்ற பேச்சுப் பயிற்சியாளர் ஒரு மாணவியின் கையைப் பிடித்து எழுத வைத்தார். வீட்டிலேயே தன்னிடம் பாலியல் கொடுமை நடக்கிறது என்று எழுத்து வந்தது, பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்தார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ஹோவர்ட் ஷேன் என்ற நிபுணர் வந்து, மேலே சொன்ன அதே வகைச் சோதனையை வைத்தார். மாணவிக்குச் சாவியின் படம், பாய்ன்டனுக்குக் கோப்பையின் படம். எழுத்து 'கோப்பை' என்று வந்தது. பாய்ன்டன் அதன்பிறகு இந்த முறையை விட்டார், தன் பள்ளியையும் விட வைத்தார், 2012-ல் தன் தவறை விரிவாக எழுதி வெளியிட்டார், அதற்குப் பிறகு இதற்கு எதிராகப் பேசிவருகிறார். அவர் பொய் சொல்லவில்லை. தன் கை செய்வது தனக்கே தெரியாமல் இருந்தார். அதனால்தான் "எனக்கு உணர்வு தெரிகிறது, அவன்தான் தள்ளுகிறான்" என்று உதவியாளர் சொல்வதை மட்டும் ஆதாரமாக எடுக்க முடியாது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும்.

இதைப் பார்த்தபிறகும் பிக்லன் மாறவில்லையா? என்ன சொன்னார்?

மாறவில்லை. சோதனை என்றாலே பிள்ளைகளுக்குப் பதற்றம் வரும், எதிரே சந்தேகத்தோடு ஒருவர் உட்கார்ந்தால் உதவியாளர் மேல் உள்ள நம்பிக்கை கெடும், பொருளின் பெயரைச் சட்டென்று எடுத்துச் சொல்வது ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கடினம் என்றெல்லாம் விளக்கினார். எழுதும் நடையில், சொந்தத் தகவல்களில், எழுத்துப்பிழைகளில் அந்தப் பிள்ளையின் அடையாளம் தெரிகிறது என்றார்.

பதற்றம் ஒரு நியாயமான கேள்விதான், தேர்வறையில் யாருக்கும் வரும். ஆனால் பதற்றத்தில் இருக்கும் பிள்ளை எழுதாமல் இருக்கும், தப்பாக எழுதும். தான் பார்க்கவே இல்லாத, உதவியாளர் மட்டும் பார்த்த படத்தின் பெயரைச் சரியாக எழுதாது. இந்த ஓட்டைக்கு நான் தேடியவரையில் அவர் தரப்பிலிருந்து திருப்தியான பதில் இல்லை.

சோதனையில் தேறியவர்களும் உண்டு என்கிறார்களே?

1990-களின் நடுவில் அப்படிச் சில ஆய்வுகள் வந்தன. பிக்லனும் டான் கார்டினலும் 1997-ல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார்கள். பழகப் பழகச் சில மாணவர்கள் தேறுகிறார்கள் என்பது வாதம். கட்டுப்பாடு எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல முடிவு, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு பூஜ்யம் என்பதுதான் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது. 1994-லேயே அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. பேச்சு, கேட்பு வல்லுநர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷா 1995-லும், இன்னும் கண்டிப்பாக 2018-லும் எதிர்த்தது.

எஃப்.சி.யில் தொடங்கி, பிறகு யாரும் தொடாமல் தனியாகத் தட்டச்சு செய்கிறார்கள் என்று சொல்லப்படும் ஒரு சிலரைப் பற்றியும் கேட்பார்கள். ஒருவர் உண்மையிலேயே தனியாக எழுதினால் அது அவர் எழுத்து, அதில் விவாதமே இல்லை. அது கை பிடித்ததால் வந்ததா என்பது வேறு கேள்வி, அவரைக் காட்டி மற்றவர்களின் எழுத்துக்குச் சான்று தர முடியாது.

பல்கலைக்கழகம் பிக்லன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லையா?

எடுக்கவில்லை, உயர்த்தியது. 2004-ல் அவர் இணைத் தயாரிப்பாளராக இருந்த, எஃப்.சி. மூலம் எழுதும் ஓர் இளம்பெண்ணைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2005-ல் அதே சிரக்யூஸில் கல்வியியல் புலத்தின் டீன் ஆனார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலிருந்து பிற்பாடு முறையின் பெயர் காணாமல் போனது, 'தொடர்பும் எல்லாரையும் சேர்த்துக்கொள்வதும்' என்ற பொருள் தரும் புதிய பெயர் வந்தது, வேலை அதேதான். 2014-ல் ஓய்வு பெற்றார். யுனெஸ்கோ விருதுகூட அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஓ.டி. ஹெக் முடிவுகள் வந்த பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் நடந்தவை இவை. ஒரு முறை பொய்த்துப்போனால் தானாகவே மறைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அதற்குப் பின்னால் பதவியும் நல்ல நோக்கமும் சேர்ந்து நின்றால் மறையாது.

சரி, தப்பாகவே இருக்கட்டும். குடும்பம் சந்தோஷமாக இருக்கிறது, யாருக்கு என்ன கெடுதல்?

மிஷிகன் மாநிலத்தில் 2007-ல் நடந்தது. பெற்றோரே போராடித்தான் மகளுக்குப் பள்ளியில் எஃப்.சி. கேட்டு வாங்கினார்கள். ஒரு நாள் உதவியாளர் பிடித்த கையிலிருந்து அப்பா மேல் பாலியல் புகார் வந்தது. அப்பா 80 நாள் சிறையில் இருந்தார், பிள்ளைகளைப் பிரித்தார்கள், ஆட்டிசம் உள்ள அவள் தம்பியையும் போலீஸ் விசாரித்தது. நீதிமன்றத்தில் உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, நீ போட்டிருக்கும் ஸ்வெட்டர் என்ன நிறம் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டுவிட்டு, பிறகு உதவியாளரை உள்ளே கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். வந்ததெல்லாம் பொருளற்ற எழுத்துகள். வழக்கு கைவிடப்பட்டது. அந்த வீட்டுக்கு ஆனது ஆனதுதான்.

இதற்குத் தலைகீழாகவும் நடந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு தத்துவப் பேராசிரியை, தான் கை பிடித்து எழுத வைத்த, கடுமையான ஊனம் உள்ள ஓர் ஆணோடு உடலுறவு கொண்டார், அவர் எழுத்தில் சம்மதம் சொன்னார் என்றார். 2015-ல் ஜூரி குற்றவாளி என்றது, மேல்முறையீட்டில் 2017-ல் அது ரத்தாகி, 2018-ல் குறைந்த பிரிவில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு பெரிதாக எதுவும் நடக்காத வீடுகளிலும் ஒரு கெடுதல் நடக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கும். எழுத்தில் "எனக்கு இந்த உணவு பிடிக்கும்" என்று வருகிறது, பிள்ளை தட்டைத் தள்ளுகிறது. எழுத்தை நம்பி ஊட்டுகிறார்கள். பிள்ளை தன் உடம்பால் 'வேண்டாம்' என்று சொல்வதை, பிள்ளையின் பெயரிலேயே வேறொருவர் மறுத்துப் பேசிவிடுகிறார்.

"எல்லாப் பிள்ளைக்கும் திறமை இருப்பதாகவே எடுத்துக்கொள்" என்று பிக்லன் சொன்னாரே, அதுவும் தப்பா?

தப்பே இல்லை. பேச்சு வராத பிள்ளைக்கு எதுவும் புரியாது என்று அதன் முன்னாலேயே கண்டபடி பேசுவதை நான் தினமும் பார்க்கிறேன், பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். புரிகிறது என்று எடுத்துக்கொண்டு பேசுங்கள், புத்தகம் வாசித்துக் காட்டுங்கள், வயதுக்கு ஏற்ற பாடம் நடத்துங்கள். பிக்லன் இந்த வார்த்தையோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நானே வேறு மாதிரி எழுதியிருப்பேன். திறமை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிக்கொடுப்பது வேறு. திறமை ஏற்கெனவே எழுத்தாக வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்பவரைப் பிள்ளைக்கு எதிரி ஆக்குவது வேறு. யார் எழுதியது என்று கேட்பதும் அந்தப் பிள்ளைக்கு நாம் தரும் மரியாதைதான்.

இப்போது வரும் வீடியோக்களில் யாரும் கையைத் தொடுவதில்லையே? பலகையைத்தானே பிடிக்கிறார்கள்?

இது நம் ஊரில் அதிகம் வரும் கேள்வி, ஏனென்றால் இதன் ஒரு வேர் இந்தியாவில் இருக்கிறது. சோமா முகோபாத்யாய் கர்நாடகாவில் இருந்தபோது தன் மகனுக்காக உருவாக்கியதுதான் ரேபிட் பிராம்ப்டிங் முறை. 2001 வாக்கில் அமெரிக்கா போனார், டெக்ஸாஸின் ஆஸ்டினில் அவர் மையம் இருக்கிறது. அதையொட்டி ஸ்பெல்லிங் டு கம்யூனிகேட் என்று இன்னொன்று வந்தது. இவற்றில் உதவியாளர் பலகையைத் தூக்கிப் பிடித்திருப்பார், பிள்ளை விரலாலோ பென்சிலாலோ தொடும்.

பலகை அந்தரத்தில் இருக்கிறது, பிடித்திருப்பவர் கை அசைகிறது, அவர் முகம் மாறுகிறது, அடுத்த எழுத்துக்கு "போ, போ" என்கிறார். 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடும் என்று பெரிய பேச்சு. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது, கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. எதிரே நிற்பவரின் தலை அசைவைப் பார்த்துக் குதிரை காலைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. தொடாமலே குறிப்பு போகும் என்பதற்கு இதைச் சொல்கிறேன், பிள்ளைகளைக் குதிரையோடு ஒப்பிட இல்லை. 2020-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒன்பது பேரின் கண் அசைவைப் பதிவு செய்து, தொடும் முன்பே கண் சரியான எழுத்துக்குப் போகிறது என்றார்கள். சுவாரசியமான ஆய்வு, ஆனால் அதிலும் பலகையை உதவியாளர்தான் பிடித்திருந்தார், அவருக்குத் தெரியாத விடையைக் கேட்கும் சோதனை அதில் இல்லை. அந்தத் தடுப்பு வைத்த மேசைக்கு இன்றுவரை இந்த முறைக்காரர்கள் வர மறுக்கிறார்கள். ஆஷா 2018-ல் இதையும் எதிர்த்திருக்கிறது.

ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் இப்படித்தானே எழுதினார்?

இல்லை. முதலில் கையில் ஒரு பொத்தான், விரல் போனபிறகு கன்னத்துத் தசையைக் கண்டுகொள்ளும் கருவி. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் காட்டிக்கொண்டே போகும், தேர்வு செய்தது அவர் தசை மட்டும். அவர் என்ன எழுதப் போகிறார் என்று தெரிந்த இன்னொருவர் நடுவில் இல்லை.

நான் கை பிடித்தால்தான் என் பையன் எதையும் தொடுவான். விட்டுவிட வேண்டுமா?

சொல்லிக்கொடுக்கும்போது கை பிடிப்பது வேறு, பல் துலக்கக்கூட அப்படித்தான் தொடங்குகிறோம். அந்தப் பிடியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று திட்டமிட்டுக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், சில வாரங்களில் குறையாவிட்டால் வழியை மாற்ற வேண்டும். கை பிடித்திருக்கும்வரை வருவதைப் 'பயிற்சி' என்று எழுதிவையுங்கள், 'அவன் சொன்னான்' என்று எழுதாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். நீங்கள் அடுத்த அறைக்குப் போங்கள், அப்பாவோ பாட்டியோ அவனுக்குத் தெரிந்த ஒரு பொருளைக் காட்டட்டும், கொஞ்சம் விளையாடட்டும், எடுத்து மறைத்துவிடட்டும். பிறகு நீங்கள் வந்து, என்ன பார்த்தாய் என்று வழக்கம்போல எழுத வையுங்கள். மிரட்டல் இல்லாமல், விளையாட்டாக, வெவ்வேறு நாளில் பத்து தடவை. ஒரு நாள் முடிவை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

அப்போ வேறு வழி என்னதான் இருக்கிறது?

இருக்கிறது, நிறைய இருக்கிறது, வேகமாக அதிசயம் காட்டாது என்பதால் வீடியோவில் வராது. படக் கார்டை எடுத்துக் கையில் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் முறை 1980-களிலிருந்து உண்டு. படத்தைத் தொட்டால் சொல்லாக ஒலிக்கும் ஆப் உண்டு. அவாஸ் என்ற ஆப் சென்னையிலேயே உருவானது. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் தொடங்கியது, சென்னை வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து வளர்ந்தது. கை ஒத்துழைக்காதவர்களுக்கு ஸ்விட்ச் உண்டு, கண்ணால் தேர்வு செய்யும் கருவி உண்டு. எல்லாவற்றிலும் தேர்வு செய்வது பிள்ளை மட்டுமே. படம் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: போகாது, ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடுகிறது.

சோதித்துப் பார்த்தேன். எழுதியது அவன் இல்லை. இரண்டு வருஷமாக அவன் எழுதியதாக நான் படித்ததெல்லாம் என்ன?

ஒரு அம்மா என்னிடம் இதைக் கேட்டபோது எனக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை. அந்த நோட்டுகளில் இருந்தது அவர் தன் மகனிடம் கேட்க ஆசைப்பட்டது, தன் கையாலேயே தனக்கு எழுதிக்கொண்டது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. நோட்டுகளைக் கிழிக்க வேண்டாம், எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள் என்றேன்.

பிறகு அவன் தானாக என்ன சொல்கிறான் என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். தாகம் எடுத்தால் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து ஃப்ரிட்ஜுக்கு இழுக்கிறான், குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கிறான், மாலை ஆறு மணிக்குச் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போடுகிறான். ஒரு வாரத்தில் இருபத்தி மூன்று குறிப்புகள், எல்லாம் அவனுடையவை. தண்ணீர், சத்தம், வெளியே என்று மூன்று படங்களோடு தொடங்கினோம். இப்போது தண்ணீர்ப் படத்தை அவனே எடுத்துவருகிறான், அம்மா சமையலறையில் வேறு பக்கம் திரும்பி நின்றாலும்.